ஊரோடு நின்றுவிடும் இணையக் கம்பி

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள் மாலை. எங்கள் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தங்கை அலைபேசியில் அழைத்தார். அரசுக் கலைக் கல்லூரியில் விலங்கியல் படித்தவர். குடும்பத்தில் முதல் பட்டதாரி. அம்மா நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர். அப்பா இல்லை.

"அக்கா, வேலை கெடச்சிடுச்சு. வீட்லருந்தே பாக்கலாமாம். ஆனா நம்ம தெருவுக்கு நெட்டு தர மாட்டேன்றாங்க" என்றார். மகிழ்ச்சியும் அழுகையும் ஒரே மூச்சில் வந்த குரல் அது.

அவருக்குக் கிடைத்தது மெடிக்கல் கோடிங் வேலை. அமெரிக்க மருத்துவமனைகளில் நோயாளிக்கு என்ன நோய், என்ன சிகிச்சை அளித்தோம் என்று மருத்துவர் குறிப்பு எழுதுவார். அந்தக் குறிப்பைப் படித்து, நோய்க்கு ஒரு குறியீடு, சிகிச்சைக்கு ஒரு குறியீடு என்று இட வேண்டும். அதை வைத்துத்தான் காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனைக்குப் பணம் தரும். குறியீடு தவறினால் பணம் நிற்கும். உடலியலும் நோய்ப் பெயர்களும் ஆங்கிலமும் தெரிந்தவர்கள் செய்யும் வேலை. சென்னை, கோவை, திருச்சி என்று நம் மாநிலத்தில் பல்லாயிரம் பேர் இதில் இருக்கிறார்கள். கொரோனா காலத்துக்குப் பிறகு வீட்டிலிருந்தே செய்வதும் பரவிவிட்டது. இந்தத் தங்கை ஆறு மாதம் பயிற்சி எடுத்திருந்தார். "அம்மாவுக்கு இருக்கிற சர்க்கரை நோய்க்கு அங்க இ11னு பேருக்கா" என்று ஒருமுறை என்னிடம் சிரித்தபடி சொல்லியிருக்கிறார்.

வேலை தந்த நிறுவனம் நான்கு நிபந்தனைகளைச் சொல்லியிருந்தது. கம்பிவழி இணைய இணைப்பு வேண்டும்; அலைபேசி ஹாட்ஸ்பாட் செல்லாது. மின்சாரம் போனாலும் மோடமும் கணினியும் நிற்காதபடி யுபிஎஸ் வேண்டும். கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய தனி அறை வேண்டும். நோயாளியின் விவரம் திரையில் இருக்கும்போது வேறு யாரும் பார்க்கக் கூடாது. இவை அனைத்தையும் 15 நாட்களுக்குள் காட்ட வேண்டும்.

இதில் நிறுவனத்தைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்க அமெரிக்காவில் 1996-இலிருந்தே ஹிப்பா என்ற சட்டம் இருக்கிறது. யாரோ ஒரு அமெரிக்கரின் நோயை அவர் பக்கத்து வீட்டுக்காரர்கூட அறியக் கூடாது என்று அந்த நாடு கவலைப்படுகிறது. நல்லது. அந்தக் கவலையை நிறைவேற்ற ஆயத்தமாக இருந்த பெண்ணின் வீட்டுக்கு ஒரு கம்பி வராமல் போனது ஏன் என்பதுதான் என் கேள்வி.

முந்நூறு மீட்டர்

அந்தக் கிராமத்தின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். தார்ச்சாலை நேராக ஊருக்குள் போகும். இருபக்கமும் ஊர்த்தெரு. பிள்ளையார் கோயில். அதைத் தாண்டி ஏரி வாய்க்கால். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எங்கள் மக்களின் வீடுகள், நூற்றுச் சொச்சம். இணையக் கம்பி பிள்ளையார் கோயிலருகே உள்ள கம்பத்தில் ஒரு கறுப்புப் பெட்டியோடு முடிகிறது. அங்கிருந்து தங்கையின் வீட்டுக்கு 300 மீட்டர்.

நிறுவனத்தின் செயலியில் அஞ்சல் குறியீட்டு எண்ணைப் போட்டால் "உங்கள் பகுதியில் சேவை உண்டு" என்று வருகிறது. ஊருக்கும் எங்களுக்கும் அஞ்சல் எண் ஒன்றுதான். முன்பணமும் கட்டிவிட்டார். மறுநாள் லைன்மேன் அலைபேசியில் கேட்டது ஒரே கேள்வி. "எந்தத் தெரும்மா?" தெருவைச் சொன்னதும், "அங்கயா? பாத்துட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

பிறகு காரணங்கள் வரத் தொடங்கின. பெட்டியில் இடம் இல்லை என்றார்கள். அதே வாரம் ஊர்த்தெருவில் இரண்டு வீட்டுக்குப் புது இணைப்பு போனது. தூரம் அதிகம், சிக்னல் வராது என்றார்கள். கண்ணாடி இழைக் கம்பியில் 20 கிலோமீட்டர் வரை சிக்னல் போகும்; 300 மீட்டர் ஒரு தூரமே அல்ல. பத்து வீடு சேர்ந்தால்தான் கட்டுப்படியாகும் என்றார்கள். தங்கை வீடு வீடாகப் போய் நான்கு பேரைச் சேர்த்தார். நான்கு போதாது என்றார்கள். ஊர்த்தெருவுக்கு முதல் கம்பி வந்தபோது பத்து வீடு சேர்த்தார்களா என்று விசாரித்தேன். ஒரே ஒரு வீட்டுக்காகத்தான் வந்திருக்கிறது.

கடைசியில் நானே கேபிள்காரரைப் பார்க்கப் போனேன். நல்லவிதமாகத்தான் பேசினார். "மேடம், நான் சாதி பாக்கற ஆளு இல்ல. வாய்க்கா ஓரமா இருக்கற கடைசி வீட்டு மேலதான் கம்பியக் கட்டியாகணும். அவரு வேணாம்னுட்டாரு. என் டிவி கனெக்‌ஷன் பூரா ஊர்லதான் இருக்கு. அவங்களப் பகைச்சிக்கிட்டு நான் எப்படிப் பொழைக்கறது?" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் கடைசி வீட்டுக்கும் போனேன். வீட்டுக்காரர் என்னை வாசலிலேயே நிறுத்தி, "செல்லுலதான் எல்லாம் வருதே, அதுங்களுக்கு வேற எதுக்குத் தனியாக் கம்பி?" என்றார். 'அதுங்களுக்கு' என்ற சொல்லை அவர் யோசித்துச் சொல்லவில்லை. அது அவர் நாக்கிலேயே இருக்கிறது.

திரும்பும்போது எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு டிஷ் ஆன்டெனா இருப்பதைப் பார்த்தேன். எத்தனையோ முறை பார்த்ததுதான். ஊர்த்தெருவில் அவ்வளவு இல்லை, அங்கே கேபிள். எங்கள் மக்களுக்கு டிஷ் மேல் ஆசை என்று நினைத்திருந்தேன். டிவிக் கம்பியும் அந்த வாய்க்காலைத் தாண்டியதே இல்லை என்பது அன்றுதான் உறைத்தது. டிவியில் அது பெரிய இழப்பாகத் தெரியவில்லை, வானத்திலிருந்து வாங்கிக்கொண்டோம். வேலைக்குக் கம்பி தேவைப்பட்டபோதுதான் வாய்க்கால் எவ்வளவு அகலம் என்று தெரிந்தது.

அலைபேசி இணையத்தை வைத்துச் சமாளிக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஊரே ஒரே டவரைப் பங்கு போடும்போது வேகம் சரிந்துவிடும். இந்த வேலையில் நிறுவனத்தின் கணினிக்குள் பாதுகாப்பான வழியில் நுழைந்து உட்கார்ந்திருக்க வேண்டும். இணைப்பு ஒரு நொடி அறுந்தால் வெளியே தள்ளிவிடும். மறுபடி நுழைய வேண்டும். அதிவேகம் தேவையில்லை. அறுபடாத இணைப்புதான் தேவை. அதனால்தான் கம்பி கேட்கிறார்கள்.

15 நாள் முடிந்தது. அந்த வேலை போய்விட்டது.

நான் சொன்ன தவறான யோசனை

இந்த இடத்தில் என் தவறையும் எழுத வேண்டும். வேலை போன அன்று நான் அவரிடம் சொன்னது இதுதான்: "விடும்மா. சென்னைக்குப் போய் ஹாஸ்டல்ல தங்கி வேலையைப் பாரு. இந்த ஊரு திருந்தாது." மேடைகளில் நாங்கள் வழக்கமாகப் பேசுவதுதான். 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் இந்தியக் கிராமத்தின் குறுகிய புத்தியைப் பற்றி அண்ணல் அம்பேத்கர் பேசியது எங்களுக்கு மனப்பாடம். கிராமத்தை விட்டு வெளியேறுவதே விடுதலை என்று நாங்கள் இரண்டு தலைமுறைக்குச் சொல்லி வந்திருக்கிறோம்.

தங்கை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அம்மாவுக்கு யாருக்கா ஊசி போடறது? படிச்சவங்க எல்லாரும் கெளம்பிட்டா இந்தத் தெரு யாருக்கு?"

எனக்குப் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால், அண்ணல் சொன்னதன் உட்பொருள் இடம் மாறுவது மட்டுமல்ல. ஊரின் நிலத்தையும் கூலியையும் நம்பிப் பிழைக்கும் நிலையிலிருந்து வெளியேறுவது. நெல் அறுக்க ஆள் வேண்டுமா வேண்டாமா என்று ஊர் முடிவு செய்கிற வரைக்கும், திருவிழாவில் பறை அடிக்க மறுத்தால் மறுநாள் அடுப்பு எரியாது என்கிற வரைக்கும், எங்கள் உரிமைகள் எல்லாம் காகிதத்தில்தான். ஊர்க்கூலியை நம்பாத ஒரு மாதச் சம்பளம் எங்கள் தெருவுக்குள்ளேயே வரும் என்றால், அதுவும் ஒரு வெளியேற்றம்தான். முன்பு ராணுவச் சம்பளமும் ரயில்வேச் சம்பளமும் ஆசிரியர் சம்பளமும் அப்படித்தான் எங்கள் தெருக்களுக்குள் வந்தன. ஒரு சம்பளம் வந்த வீட்டைச் சுற்றிப் பத்து வீடு நிமிர்ந்தது. இன்று அந்தச் சம்பளம் ஒரு கம்பி வழியாக வரக்கூடும். அந்தக் கம்பியைத்தான் பிள்ளையார் கோயிலோடு நிறுத்துகிறார்கள்.

சாலை, கிணறு, கம்பி

பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் ஒடுக்கப்பட்டோருக்கு உரிமை உண்டு என்ற தீர்மானத்தை 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1927-இல் மகாத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அரசமைப்புச் சட்டத்தின் 15(2) கூறு கடை, கிணறு, குளம், சாலை ஆகியவற்றைப் பெயர் சொல்லியே திறந்துவிட்டது. அன்று மனிதன் வாழ எவை தேவையோ அவையெல்லாம் அந்தப் பட்டியலில் உள்ளன. இணையக் கம்பி அன்று இல்லை.

இன்று நீதிமன்றங்கள் அந்த இடத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன. இணையத்தை அணுகுவது கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் சொன்னது. எண்மச் சேவைகளை அணுகுவது 21-ஆம் கூறு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது.

இது தனியார் வியாபாரம், யாருக்குக் கொடுப்பது என்பது அவர்கள் விருப்பம் என்று வாதிடுவோர் உண்டு. கம்பி தனியாருடையதாக இருக்கலாம். அது போகும் சாலை யாருடையது? அது தொங்கும் மின்கம்பம் யாருடையது? பொதுச் சொத்தின் மேல் ஏறி வரும் சேவை, பொதுமக்களில் ஒரு பகுதியின் முன் மட்டும் நிற்க முடியாது.

சட்டமும் இதைப் பார்க்கத் தவறவில்லை. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தம், 'பொருளாதாரப் புறக்கணிப்பு' என்பதற்கு விளக்கம் தருகிறது. பணம் கொடுத்துப் பெறும் சேவைகளை மறுப்பதும் அந்த விளக்கத்துக்குள் வருகிறது. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ அப்படிப் புறக்கணிப்பது குற்றம். இணைப்பு தராத ஒவ்வொரு மறுப்பும் வன்கொடுமை என்று நான் சொல்லவில்லை. உண்மையிலேயே பெட்டியில் இடம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஊர்த்தெருவுக்கு ஒரு வீடு போதும், எங்கள் தெருவுக்குப் பத்து வீடு வேண்டும் என்றால் அது வியாபாரக் கணக்கு அல்ல. அதற்குச் சட்டத்தில் பெயர் இருக்கிறது.

பெயர் மாறியது, தெரு மாறவில்லை

2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்றோம். தமிழ் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: சொற்கள் தாமாக இழிவடைவதில்லை. 'சேரி' என்றால் சேர்ந்து வாழும் இடம். உத்தரமேரூர்க் கல்வெட்டைப் படித்தால் சோழர் காலத்துப் பிராமணக் குடியிருப்பின் பகுதிகளுக்கும் சேரி என்றே பெயர். அங்கே இழிவாக இல்லாத சொல், எங்கள் மேல் வந்து உட்கார்ந்ததும் இழிவாயிற்று. பெயர்ப்பலகையை மாற்றினால் லைன்மேனின் கேள்வி மாறாது. "எந்தத் தெரும்மா?" என்பதற்கு எந்தப் பெயரைச் சொன்னாலும், அது வாய்க்காலுக்கு எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பக்கமும் கம்பி போனால்தான் பெயர் மாறியதாகப் பொருள்.

அரசு சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எல்லா ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பி என்ற திட்டத்துக்கு மத்திய அரசு 2011-இல் ஒப்புதல் தந்தது. இன்று அதன் பெயர் பாரத்நெட். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்க 1,815 கோடி ரூபாயில் டான்பிநெட் நிறுவனம் அந்த வேலையை எடுத்தது. ஆனால் அரசின் கணக்கு ஊராட்சி அலுவலகத்தோடு முடிகிறது. ஊராட்சி அலுவலகம் பெரும்பாலும் எங்கே இருக்கும்? ஊரில். அங்கிருந்து வீடுகளுக்குக் கம்பி இழுப்பது உள்ளூர்க் கேபிள்காரர். அவர் பிழைப்பு யார் கையில்? ஊரின் கையில். இப்படியாக, டெல்லியிலிருந்து கிளம்பிய கம்பி ஊர்த்தெருவின் சம்மதத்துக்காகக் காத்து நிற்கிறது.

தாட்கோ எங்கள் பிள்ளைகளுக்கு நடத்தும் பயிற்சிகளில் மெடிக்கல் கோடிங்கும் உண்டு. வேலை செய்யக் கற்றுக்கொடுக்க ஒரு துறை. அந்த வேலையைச் செய்யக் கம்பி வருகிறதா என்று பார்க்க எந்தத் துறையும் இல்லை.

பதினொரு சவுக்குக் கம்பங்கள்

தங்கையின் கதை அங்கே முடியவில்லை. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். கைபேசிக்கு ஒப்புகைச் செய்தி வந்தது, வேறொன்றும் வரவில்லை. பிறகு தெரு இளைஞர்களே வழி கண்டார்கள். பக்கத்துக் கிராமத்துக் கேபிள்காரர் ஒருவர் ஏரிக்கரை வழியாகக் கம்பி தர ஒப்புக்கொண்டார், கம்பம் நட்டுத் தந்தால். 11 சவுக்குக் கம்பங்கள் வாங்கினார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை குழி தோண்டி நட்டார்கள். ஊருக்குள் நுழையாமல், ஊரைச் சுற்றிக்கொண்டு இணையம் எங்கள் தெருவுக்கு வந்தது.

வீடு ஓர் அறைத் தொகுப்பு வீடு. கதவைச் சாத்தும் தனி அறைக்கு எங்கே போவது? அண்ணன் முன்திண்ணையில் தகரம் அடைத்து, பழைய கதவு ஒன்றைப் பொருத்தித் தந்தார். நான்கு மாதம் கழித்து வேறு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. வேலை செய்யும் இடத்தை வீடியோவில் பார்ப்பார்கள் என்றதும், "சுவத்துல அம்பேத்கர் படம் இருக்கு. எடுத்துடவாக்கா?" என்று கேட்டார். தகரச் சுவரைவிடப் படம்தான் அவரை அச்சுறுத்தியது. ஊரில் மட்டுமல்ல, திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் யார் என்பதும் நமக்குத் தெரியாது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே முடிவு செய்தார், படம் இருந்தது. பார்த்தவர் கதவின் தாழ்ப்பாளை மட்டும் பார்த்துவிட்டு, சரி என்றாராம்.

இதை வெற்றிக் கதையாக எழுத எனக்கு மனமில்லை. தை மாதத்தில் வைக்கோல் லாரி ஒன்று கம்பியை இழுத்துக்கொண்டு போனது. ஒன்றரை நாள் வேலை இல்லை, சம்பளமும் இல்லை. சவுக்குக் கம்பம் இரண்டு மழைக்கு மேல் தாங்காது. ஊர்த்தெருவுக்குச் சும்மா கிடைப்பதை எங்கள் பிள்ளைகள் குழி தோண்டிப் பெற வேண்டும் என்றால், அது சாதனை அல்ல. ஏற்கெனவே செலுத்தும் விலையில் இன்னும் ஒரு தவணை.

செய்ய வேண்டியவை

ஒன்று: ஆதிதிராவிடர் குடியிருப்புகளுக்கான அயோத்திதாசப் பண்டிதர் மேம்பாட்டுத் திட்டத்துக்கு ஐந்தாண்டுகளில் 1,000 கோடி ரூபாய் என்று 2023-இல் அறிவித்தார்கள். சாலை, குடிநீர், தெருவிளக்கு வரிசையில் இணையக் கம்பியையும் சேர்க்க வேண்டும். ஊராட்சி அலுவலகத்திலிருந்து குடியிருப்பு வரை கம்பமும் பெட்டியும் அரசு செலவில் வரட்டும். 2024-இல் நிறைவேறிய வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் இதற்கு நிதியை ஒதுக்க வழி தருகிறது.

இரண்டு: மின்கம்பங்களிலும் பொதுச் சாலையிலும் கம்பி இழுக்க அனுமதி பெறுகிறவர்களிடம், அந்த ஊராட்சியின் எல்லாக் குடியிருப்புகளுக்கும் ஒரே நிபந்தனையில் சேவை தருவோம் என்று எழுதி வாங்க வேண்டும். மீறினால் அனுமதி ரத்து.

மூன்று: மாவட்ட ஆட்சியர் தலைமையிலான விழிக்கண் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்பது விதி. எந்தெந்த ஊராட்சியில் இணைப்பு ஊரோடு நிற்கிறது என்ற பட்டியலை அடுத்த கூட்டத்தில் வைக்கட்டும். பட்டியலைத் தயாரிக்க நாங்கள் உதவுகிறோம்.

நான்கு: கேரளம் கே-ஃபோன் என்ற பெயரில் அரசே இணையம் தரும் திட்டத்தை 2023 ஜூனில் தொடங்கியது, ஏழைக் குடும்பங்கள் 20 லட்சத்துக்கு இலவசம் என்பது அதன் இலக்கு. நாம் இலவசம்கூடக் கேட்கவில்லை. மாதக் கட்டணமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் கட்டத் தயாராக இருப்பவரின் வீட்டுக்குக் கம்பி கேட்கிறோம்.

இந்தப் பத்தியைப் படிக்கும் தங்கை தம்பிகளுக்கு: இணைப்பு கேட்பதை வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். செயலியிலோ கடிதத்திலோ பதிவு செய்து எண்ணை வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். குறுஞ்செய்தி வந்தால் அழிக்காதீர்கள். அதே நாட்களில் ஊர்த்தெருவுக்குப் புது இணைப்பு போனால் தேதியோடு குறித்துவையுங்கள். நிறுவனத்தின் புகார் மையம், அடுத்து அதன் மேல்முறையீட்டு அதிகாரி, பிறகு ஆட்சியர், மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் என்று வரிசையாகப் போங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்பே கம்பிக்கு விண்ணப்பியுங்கள். 15 நாள் என்பது நமக்குப் போதாத அவகாசம்.

போன வாரம் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். தகரக் கதவு சாத்தியிருந்தது. வாசலில் கோலி விளையாடிய பிள்ளைகளை அம்மா அதட்டிக்கொண்டிருந்தார்: "டேய், கத்தாதீங்கடா. உள்ள ஆஸ்பத்திரி வேல நடக்குது." மறுநாள் அவர் யார் நிலத்துக்கு நடவுக்குப் போகிறார் என்று கேட்டேன். "கூப்ட்டாங்க. நான்தான் போவல" என்றார்.